வகுப்பறையின் பொதுப் பெட்டி

தொடக்கப் பள்ளியில் எழுத்துப் பயிற்சி தொடங்கும்போது கையில் பென்சில் இல்லாத குழந்தை, பையைக் கிளறி, பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டு, ஆசிரியரின் முகத்தைத் தயங்கிப் பார்ப்பதற்குள் மற்றவர்கள் ஒரு வரியை எழுதி முடித்துவிடுகிறார்கள் என்பதால், பென்சில் இல்லாமையை ஒழுக்கக் குறைவாகக் கொள்வதைவிடக் கற்கும் நேரம் பறிபோகும் சிக்கலாகக் கொள்வதே பொருத்தமானது. இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் 2010இல் வகுக்கப்பட்ட மாதிரி விதிகள், பாடநூல், சீருடை ஆகியவற்றோடு எழுதுபொருளையும் இலவசமாக வழங்கச் சொல்கின்றன. 2009ஆம் ஆண்டின் அச்சட்டமோ, தன் 17ஆம் பிரிவில், உடல் தண்டனையை மட்டுமன்றி மனத்தைப் புண்படுத்தும் தண்டனையையும் தடை செய்கிறது. பென்சில் கொண்டுவராத குழந்தையை வகுப்பு முழுவதும் பார்க்க எழுந்து நிற்கவைக்கும் பழக்கம் இந்த இரண்டு ஏற்பாடுகளின் நோக்கத்துக்கும் எதிரானது.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் சிறு வகுப்புகளுக்கு கிரேயான்களும் வண்ணப் பென்சில்களும் விலையின்றி வழங்கப்படுகின்றன. எனினும் ஒருமுறை கைக்கு வந்த பொருள் ஆண்டு முழுவதும் நிலைப்பதில்லை. சாதாரணப் பென்சிலே இதற்குச் சான்று. கிராஃபைட் தூளையும் களிமண்ணையும் கலந்து சுட்டு முனை செய்யும் முறையை 1795இல் பிரான்சின் நிக்கோலா ழாக் கோன்டே கண்டறிந்தார்; களிமண் கூடக் கூட முனை கெட்டியாகும், எழுத்து வெளிறும். இந்த மெல்லிய முனை உறுதியான மரத்துக்குள் இருந்தாலும், பென்சில் சிமெண்டுத் தரையில் விழும்போது உள்ளுக்குள்ளேயே பல இடங்களில் ஒடிந்துவிடுவதும், வெளியே எந்த அடையாளமும் தெரியாமல் இருப்பதும் உண்டு. அத்தகைய பென்சிலை ஷார்ப்னரில் இட்டால் ஒவ்வொரு ஒடிவிலும் முனை கழன்று விழ, குழந்தை மீண்டும் மீண்டும் சீவி, ஒரே பாடவேளையில் பாதிப் பென்சிலைச் சுருள் சுருளாகத் தீர்த்துவிடுகிறது. குழந்தைக்குக் கவனமில்லை என்று பெரியவர்கள் முடிவு கட்டும் இடங்களில் பல, உண்மையில் ஒடிந்த முனையின் அல்லது மழுங்கிய ஷார்ப்னரின் விளைவுகளே.

இதனால் அனுபவமுள்ள ஆசிரியர்கள் பாடத்தின் நடுவே சீவுவதை முற்றிலும் தவிர்க்கிறார்கள். வகுப்புக்குப் பொதுவான பென்சில்களில் சீவியவை ஒரு டப்பாவிலும் சீவ வேண்டியவை இன்னொரு டப்பாவிலும் இருக்கும். முனை உடைந்த குழந்தை யாரிடமும் கேட்காமல் எழுந்து, உடைந்ததை இரண்டாம் டப்பாவில் போட்டுவிட்டு முதல் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளும். மறுநாள் பாடம் தொடங்குமுன் அந்த வாரப் பொறுப்பில் இருக்கும் இரு குழந்தைகள் எல்லாவற்றையும் சீவி வைப்பார்கள். எண்ணிக்கையைக் காட்டும் ஏற்பாடு இதைவிட முக்கியமானது. முப்பது துளையிட்ட கட்டை ஒன்றில் பென்சில்களை நட்டு வைத்தால், வகுப்பு முடிந்ததும் காலியாக இருக்கும் துளை தானே கண்ணில் படும். அப்போதே தேடினால் பென்சில் பெரும்பாலும் பெஞ்சுக்கு அடியிலேயே கிடைக்கும், அடுத்த நாள் தேடினால் கிடைக்காது.

பொதுப் பொருளை ஆறு வயதுக் குழந்தைகள் தாமே எடுத்து, தாமே திருப்பி வைக்க முடியும் என்பதைத் தமிழ்நாடு ஏற்கெனவே பெரிய அளவில் செய்து பார்த்திருக்கிறது. ரிஷிவேலி பள்ளியின் மாதிரியை ஒட்டி 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, 2007-08இல் மாநிலமெங்கும் உள்ள அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்த செயல்வழிக் கற்றல் முறையில், பாடம் சிறு சிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டது; எழுத்து அறியாத குழந்தையும் தனக்குரிய அட்டையை இனங்காண, அட்டைகளிலும் அவற்றை வைக்கும் தட்டுகளிலும் படச் சின்னங்கள் இருந்தன. பெயர்ச்சீட்டு ஒட்டிய பெட்டிகள் முதல் வகுப்பில் பயன்படாமல் போவதற்கும், பென்சில் படம் வரைந்த பெட்டி பயன்படுவதற்கும் காரணம் இதுதான். 1939 முதல் சில ஆண்டுகள் சென்னை அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த மரியா மாண்டிசோரி, ஒவ்வொரு கற்றல் கருவியிலும் ஒன்றே ஒன்றை வகுப்பில் வைக்கச் சொன்னார். பிறர் முடிக்கும்வரை காத்திருக்கவும், முடித்ததை அதே இடத்தில் வைக்கவும் குழந்தை பழகும் என்பது அவர் கருத்து. கருவிக்குப் பொருந்தும் இந்த விதி பென்சிலுக்குப் பொருந்தாது, ஏனெனில் பென்சிலுக்காகக் காத்திருக்கும் குழந்தைக்கு எழுதும் நேரம் இல்லாமற்போகிறது.

பலர் பயன்படுத்தும் பொருள் யாருடையதும் இல்லாமல் அழிந்தே தீரும் என்ற வாதத்தை 1968இல் காரெட் ஹார்டின் முன்வைத்தார். காடு, மேய்ச்சல் நிலம், பாசன நீர் ஆகியவற்றை ஊர் மக்களே நெடுங்காலம் காத்து வந்த இடங்களை ஆராய்ந்து, அவ்வாறு அழிவது கட்டாயமில்லை என்று காட்டிய எலினார் ஆஸ்ட்ரம் 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார். பயன்படுத்துவோரே விதி வகுப்பது, இருப்பைத் தம்முள் ஒருவரே கண்காணிப்பது, தவறுக்கு முதலில் இலேசான கண்டிப்பு ஆகியவை அவர் கண்ட கூறுகளில் அடங்கும். இவை வகுப்பறைக்கும் அப்படியே பொருந்துகின்றன: ரப்பர் மேசைக்கு எத்தனை, சிறு துண்டான பென்சிலை எப்போது ஒதுக்குவது என்பவற்றைக் குழந்தைகள் கூடி முடிவு செய்த வகுப்பில், விதியை நினைவூட்டும் வேலை ஆசிரியர் ஒருவரின் தலையில் விழுவதில்லை.

ஓர் எல்லை இங்கே தேவை. வீட்டிலிருந்து குழந்தை ஆசையோடு கொண்டுவந்த பென்சிலை வாங்கிப் பொதுப் பெட்டியில் போடுவது நியாயமன்று. பொதுப் பெட்டி இல்லாதவர்க்கு உதவ இருக்கிறதே ஒழிய, இருப்பவரிடமிருந்து பறிக்க அன்று. பென்சில் இரவல் வாங்குவோரிடம் செருப்பையோ வேறு பொருளையோ ஈடாகக் கேட்கும் வழக்கமும் கைவிடத்தக்கது, ஏனெனில் அது பென்சில் திரும்பி வருவதை உறுதி செய்வதைவிட, இல்லாதவர் யார் என்பதை அனைவருக்கும் அறிவிக்கவே பயன்படுகிறது.

இவ்வளவு ஏற்பாட்டுக்குப் பிறகும் மாதந்தோறும் சில பென்சில்கள் பெட்டிக்குத் திரும்பா. அவற்றில் சில, வீட்டுப்பாடம் எழுத வேறொன்று இல்லாத வீடுகளுக்குப் போயிருக்கும். சமக்ர சிக்ஷா திட்ட நெறிமுறை, மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ப ஆண்டுக்கு ரூ.10,000 முதல் ரூ.1,00,000 வரை பள்ளி மானியத்துக்கு இடம் தருவதால், அந்தக் குறைவைத் திருட்டுக் கணக்கில் எழுதாமல், சுண்ணக்கட்டி தேய்வதைப் போன்ற வழக்கமான செலவாகவே தலைமையாசிரியர் கொள்முதல் பட்டியலில் சேர்த்துவிடலாம்.