மழைக் காலத்தில் மாட்டை மேய விடுபவர்களுக்கு

ஐப்பசி பிறந்தால் எல்கடுவ, இரத்தோட்டைப் பக்கம் மழையோடு புல்லும் தளதளவென்று வளரும். பிள்ளைகளுக்குப் பாலும் கைச்செலவுக்குக் காசும் தருகிற கறவை மாட்டுக்கு அந்த இளம்புல்லே எமனாகலாம்.

வெறும் வயிற்றோடு ஈரமான இளம்புல்லை அவசரமாகத் தின்றால், அது வயிற்றில் வேகமாகப் புளித்து நுரை கட்டும். காற்று ஏப்பமாக வெளியே வராது. இடது பக்க வயிறு மேளம் மாதிரி ஊதும். மூச்சு முட்டி, சில மணி நேரத்திலேயே மாடு செத்துப் போகலாம்.

ஆகவே,

1. காலையில் முதலில் வைக்கோல் அல்லது காய்ந்த புல் கொடுங்கள். புல்லில் ஈரம் காய்ந்த பிறகு அவுத்து விடுங்கள்.

2. வெட்டி வந்த புல்லைப் பரப்பி, வாட வைத்துப் போடுங்கள்.

3. புல்லுக்கு மருந்து அடித்த மலையில் மேய விடாதீர்கள். எந்த மலைக்கு எப்போது அடித்தார்கள் என்று கங்காணியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

4. கொட்டில் தரை காய்ந்திருக்கட்டும். சேற்றில் நின்றால் குளம்பு அழுகும்.

வயிறு ஊதினால் மாட்டைப் படுக்க விடாதீர்கள். முன்கால் மேட்டில் இருக்கும்படி நிறுத்தி, உடனே அரச மிருக வைத்தியருக்கு அறிவியுங்கள். அவர் சொல்லாமல் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். நுரையீரலுக்குள் போனால் அதுவே ஆபத்து.