பெருமூளை வாதமும் குழந்தையின் நடையும்

குழந்தை தளர்நடை பயிலுங்கால் பெற்றோர் எய்தும் மகிழ்ச்சிக்கு எல்லையில்லை. அந்நடை உரிய காலத்தில் வாராது தாமதித்தாலோ, நுனிக்காலிலும் மடங்கிய முழங்காலிலும் அமைந்தாலோ, அறுவைச் சிகிச்சையால் சரியாகிவிடுமா என்று அவர்கள் வினவுவது இயல்பே. இவ்வினாவுக்கு விடை காணுமுன் நோயின் தன்மையை நாம் அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

பெருமூளை வாதம் காலில் தோன்றும் நோயன்று. கருவிலோ, பிறப்பின்போதோ, மழலைப் பருவத்திலோ, வளர்ந்துவரும் மூளைக்கு நேர்ந்த ஊறே அதற்குக் காரணம். 1861-ஆம் ஆண்டில் வில்லியம் ஜான் லிட்டில் என்னும் ஆங்கில மருத்துவர் இதனை விரித்துரைத்தமையால், இது நெடுங்காலம் 'லிட்டில் நோய்' என்றே வழங்கிவந்தது. மூளையின் ஊறு பெருகுவதில்லை. ஆனால் குழந்தை வளர்கிறது. எலும்பு நீளும் அளவுக்கு விறைத்த தசை நீள்வதில்லை. ஆதலின் குதிகால் தரையைத் தொடாது உயர்கிறது, முழங்கால் மடங்கியே நிற்கிறது, எலும்புகளும் திருகிப்போகின்றன. ஆறு வயதில் ஓரளவு நன்றாக நடந்த சிறுவன், பதினாறு வயதில் தளர்ந்து நடப்பதும் உண்டு.

அறுவைச் சிகிச்சை தசையையும் எலும்பையும் திருத்தவல்லது. மூளையின் ஊறு அப்படியே இருக்கும். முன்னாளில் ஓராண்டு குதிகால், மறு ஆண்டு முழங்கால், பின்னர் இடுப்பு என்று தவணை முறையில் சிகிச்சை செய்துவந்தனர். ஒவ்வொரு பிறந்தநாளையும் குழந்தை மருத்துவமனையிலேயே கழிக்க நேர்ந்தது கண்டு, டொராண்டோ நகர மருத்துவர் மெர்சர் ராங் இதனைப் 'பிறந்தநாள் நோய்' என்றே குறிப்பிட்டார். மேலும், குதிகால் தசைநாணை மட்டும் மிகையாக நீட்டிவிட்டால், பாதம் உடனே தரையில் படியும், எல்லோரும் மகிழ்வர். ஆயினும் கெண்டைக்கால் வலிமை இழப்பதால், சில ஆண்டுகளில் முழங்கால் மடங்கி, உடல் தாழ்ந்த நடை வந்து சேரக்கூடும். உடனே கண்ட பயன் நீடித்த பயனாகாது என்பதற்கு இதுவே சான்று.

இக்காலத்தில் நடையைக் கருவிகளால் அளந்து, எந்தெந்த மூட்டில் என்ன குறை என்று தெளிந்து, வேண்டிய திருத்தங்களை ஒரே முறையில் செய்ய முயல்கின்றனர். மெல்போர்ன் நகரில் 19 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2011-இல் வெளியாயிற்று. ஓராண்டுக்குப் பின், இச்சிகிச்சை பெற்றவர்களின் நடை நன்கு சீர்பட்டது; அதுவரை பெறாதிருந்தவர்களின் நடை சீர்படவில்லை. ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோதும் நடையின் சீர் நிலைத்திருந்தது. எனினும், இக்குழந்தைகள் யாவரும் முன்பே துணையின்றியோ ஊன்றுகோலுடனோ நடந்தவர்கள் என்பதை நாம் மறத்தலாகாது. ஊன்றுகோலுடன் நடந்த குழந்தை, சிகிச்சைக்குப் பின்னும் பெரும்பாலும் ஊன்றுகோலுடனேயே நடக்கும். ஆனால் நிமிர்ந்து நடக்கும். அறவே நடவாத குழந்தையை நடக்கவைக்கும் என்று இச்சிகிச்சையிடம் எதிர்பார்த்தல் பொருந்தாது.

சிகிச்சை முடிந்ததும் முதற்சில மாதங்கள் சோதனைக் காலமாகும். குழந்தை முன்னிருந்ததினும் வலுவிழந்து காணப்படும். இயன்முறைப் பயிற்சியும், காலுக்கேற்ற தாங்கு சாதனமும், வீட்டாரின் பொறுமையும் ஒருங்கே தேவை. முழுப்பயன் தோன்ற ஓராண்டோ ஈராண்டோ ஆகலாம். வளர்ச்சி முடியும்வரை மருத்துவரின் கண்காணிப்பு வேண்டும். சிலருக்கு மீண்டும் சிகிச்சை தேவைப்படுவதும் உண்டு.

ஆகவே மருத்துவரை அணுகும் பெற்றோர், "பிளாஸ்டர் என்று பிரிப்பீர்கள்?" என்பதோடு நில்லாமல், "இருபது வயதில் எம் குழந்தையின் நடை எவ்வாறிருக்கும்?" என்றும் கேட்டல் நன்று. தரையில் அமர்தல், படியேறுதல், பள்ளிக்குச் செல்லுதல் ஆகியவற்றில் எது குழந்தைக்கு இன்றியமையாதது என்பதையும் முன்கூட்டியே எடுத்துரைக்கவேண்டும். குழந்தையையும் கேட்கவேண்டும்; அந்தக் கால்களோடு வாழப்போவது அக்குழந்தையே அன்றோ?