காரியாலயம் இல்லாத நாளில்: பிள்ளைகளுடன் கொழும்பைச் சுற்றிப் பார்த்தல்

நாடு திரும்பும் குடும்பங்கள் பலவும் சொந்த ஊருக்குப் போகும் முன் சில நாட்களாவது கொழும்பில் தங்க வேண்டியிருக்கிறது. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஓர் உறவினர் வீடு, இல்லாவிட்டால் ஒரு லொட்ஜ் அறை. இந்தியாவில் பிறந்த பிள்ளையின் பிரசாவுரிமைக்காகப் பத்தரமுல்லையில் உள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கு ஒரு நாள், விடுபட்ட பத்திரம் ஒன்றுக்காக இன்னொரு நாள் என்று அலைய நேரும். இடையில் சனி, ஞாயிறு, போயா தினங்கள் வந்தால் செய்வதற்கு வேலை இருக்காது. அந்த நாட்களில் தாயும் பிள்ளைகளும் அறைக்குள்ளேயே முடங்கியிருப்பதை நாம் அடிக்கடி காண்கிறோம்.

ஏன் வெளியே போகவில்லை என்று கேட்டால் இரண்டு பதில்கள் வரும். ஒன்று, காசில்லை என்பது. மற்றது பயம். 1983 ஆடி மாதத்தில் இதே வெள்ளவத்தையிலிருந்து ஓடி, பள்ளிக்கூடங்களில் தங்கி, கப்பலில் காங்கேசன்துறைக்குப் போய், பின்பு கடல் கடந்தவர்கள் உங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கொழும்பு என்றால் அந்த ஒரு கிழமைதான் நினைவுக்கு வரும். அந்தப் பயம் நியாயமானது. அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் உங்கள் பிள்ளை இந்த நகரத்தை இப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறது. அறையின் ஜன்னலுக்குள்ளால் மட்டும் பார்த்தால், உங்கள் பயம் மட்டுமே அதற்கும் கிடைக்கும்.

உதவிப் பணத்தை உல்லாசத்துக்குச் செலவழிப்பதா என்றும் சில அம்மாமார் கூச்சப்படுகிறார்கள். கீழே சொல்லும் இடங்களில் பெரும்பாலானவற்றுக்கு நுழைவுக் கட்டணமே இல்லை. பஸ் காசும், பிள்ளைகளுக்கு ஏதாவது தின்பதற்கு வாங்கும் காசும் போதும்.

புறப்படும் முன்

பெரியவர்கள் கடவுச்சீட்டையோ பயண ஆவணத்தையோ, கிடைத்திருந்தால் தேசிய அடையாள அட்டையையோ கையில் வைத்திருங்கள். பிறப்புச் சான்றிதழ்களின் மூலப் பிரதிகளை அறையில் பத்திரமாக வைத்துவிட்டுப் போட்டோ பிரதிகளை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். மழையில் நனைந்த ஒரு சான்றிதழால் பல வாரம் அலைந்த குடும்பங்கள் உண்டு. தங்கியிருக்கும் வீட்டு விலாசத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் ஒரு துண்டில் எழுதி ஒவ்வொரு பிள்ளையின் சட்டைப் பையிலும் வையுங்கள். பொலிஸ் அவசர அழைப்பு 119, அம்புலன்ஸ் 1990, சிறுவர் உதவிக்கு 1929.

சிங்களம் தெரியாதே என்று தயங்க வேண்டாம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழிலேயே எல்லாக் கருமத்தையும் பார்த்துவிடலாம். மற்ற இடங்களில் 'கீயத?' என்றால் எவ்வளவு, 'பஹினவா' என்றால் இறங்கப் போகிறேன். பஸ்ஸுக்கு இந்த இரண்டும் போதும்.

வெள்ளவத்தைப் பக்கம்

வெள்ளவத்தையில் தங்குபவர்களுக்குக் கடல் நடந்து போகும் தூரத்தில்தான். மாலை ஐந்து மணிக்குப் பிறகு கரையோரம் குடும்பங்களால் நிறைந்திருக்கும். ஒரு விடயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: வீதிக்கும் கடலுக்கும் நடுவே புகையிரதப் பாதை போகிறது. கடல் இரைச்சலில் புகையிரதம் வரும் சத்தம் கேட்காது. பிள்ளைகளின் கையைப் பிடித்து, இரு பக்கமும் பார்த்துக் கடவுங்கள். தண்டவாளத்தில் நின்று படம் எடுக்கவே கூடாது. இங்கே கரை கற்பாறை, அலையும் இழுக்கும். கால் நனைக்கலாம், குளிக்க வேண்டாம்.

57ஆம் ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. 1942 இல் தொடங்கப்பட்டது. அதன் நூலகத்தில் தமிழ் நூல்களும் பத்திரிகைகளும் ஏராளம். காலையில் காரியாலயத்தில் நின்று களைத்தவர்கள் மாலையில் மின்விசிறிக்குக் கீழே அமர்ந்து வாசிக்க நல்ல இடம். சங்கரப்பிள்ளை மண்டபத்தில் நூல் வெளியீடு, பட்டிமன்றம், இசை, நடனம் என்று ஏதாவது நடக்கும். வாசலில் ஒட்டியிருக்கும் அறிவித்தலைப் பாருங்கள். பெரும்பாலான நிகழ்ச்சிகளுக்கு யாரும் போகலாம், அழைப்பிதழ் கேட்க மாட்டார்கள். நூல் வெளியீட்டு விழாவில் பேச்சுகள் நீளும், பிள்ளைகள் நெளிவார்கள். ஆனால் முகாமில் பரதம் பழகிய பிள்ளை இருந்தால் ஒரு நடன நிகழ்ச்சிக்குக் கட்டாயம் கூட்டிப் போங்கள். விட்டு வந்த கலை இங்கேயும் இருக்கிறது என்று அது தன் கண்ணாலேயே காணட்டும்.

ஆடி மாதத்தில் நிற்கிறீர்கள் என்றால் ஆடிவேல் விழாவைத் தவறவிடாதீர்கள். செட்டியார் தெருக் கதிரேசன் கோயில்களிலிருந்து காலி வீதி வழியாகப் பம்பலப்பிட்டிப் பக்கம் வேல் எழுந்தருளும்.

கொட்டாஞ்சேனைப் பக்கம்

கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலுக்குள் நுழைந்தால், தமிழ்நாட்டில் வளர்ந்த பிள்ளைகள் திரும்பவும் அங்கேயே வந்துவிட்டோமோ என்று நினைப்பார்கள். முழுவதும் கருங்கல். பொன்னம்பல முதலியார் 1857 இல் கட்டுவித்த கோயிலை, அவருடைய மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் தென்னிந்திய முறைப்படி கல்லால் மீளக் கட்டினார். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே தூண்களின் நிழலில் குளிர்ச்சியாக இருக்கும்.

அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் புனித அந்தோனியார் திருத்தலம். செவ்வாய்க்கிழமைகளில் கத்தோலிக்கர் மட்டுமல்ல, சைவர்களும் பௌத்தர்களும் மெழுகுதிரியோடு வருவார்கள். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று இங்கே குண்டு வெடித்துப் பலர் இறந்தார்கள். சில வாரங்களிலேயே, ஜூன் மாதத் திருவிழாவுக்கு முன்னர், கோயிலைத் திருத்தி மீண்டும் திறந்தார்கள். பிள்ளைகள் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். வாசலில் பையைச் சோதித்தால் அது எல்லோருக்குமான ஒழுங்கு. உங்களைச் சந்தேகித்து அல்ல.

இதே பகுதியில் புனித லூசியாள் பேராலயமும், 1902 இல் தொடங்கிய விவேகானந்த சபையும், ஒல்லாந்தர் 1757 இல் கட்டி முடித்த வுல்பெண்டால் தேவாலயமும் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க நினைக்காதீர்கள், பிள்ளைகளின் கால் தாங்காது.

நூதனசாலை

கட்டணம் கொடுத்து ஓர் இடத்துக்குத்தான் போக முடியும் என்றால் நாங்கள் சொல்வது கறுவாத்தோட்டத்தில் உள்ள தேசிய நூதனசாலையை. தெஹிவளை மிருகக்காட்சிசாலையைப் பிள்ளைகள் கேட்பார்கள்தான், அதற்குச் செலவு கூட. யானையை அவர்கள் தமிழ்நாட்டுக் கோயில்களிலேயே பார்த்திருப்பார்கள். நூதனசாலையில் பார்க்கப்போவதை வேறெங்கும் பார்க்க முடியாது. பொது விடுமுறை நாட்களில் பூட்டியிருக்கலாம், விசாரித்துவிட்டுப் போங்கள். நுழைவுச்சீட்டு வாங்கும்போது இலங்கையர் என்பதைக் காட்ட உங்கள் ஆவணம் தேவைப்படும். வெளிநாட்டவருக்குக் கட்டணம் பல மடங்கு.

1877 இல் திறந்த இந்த வெள்ளைக் கட்டடத்தில் கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கனின் சிம்மாசனமும் முடியும் இருக்கின்றன. அவன் நாயக்கர் வம்சத்தவன். 1815 இல் ஆங்கிலேயர் அவனைப் பிடித்து வேலூர்க் கோட்டைக்கு அனுப்பினார்கள். 1832 இல் அங்கேயே இறந்தான். சிம்மாசனம் இங்கிலாந்துக்குப் போய் 1934 இல்தான் திரும்பி வந்தது. வேலூர்ப் பக்கத்து முகாமில் வளர்ந்த பிள்ளைகள் அந்தக் கோட்டையைப் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பார்கள். அவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள்.

மும்மொழிக் கல்வெட்டு எங்கே என்று கேட்டு அதையும் பாருங்கள். சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொண்டுவந்த கல் அது. 1409 ஆம் ஆண்டைக் குறிக்கிறது. ஒரே கல்லில் சீனம், தமிழ், பாரசீகம். சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெற்கே தேவந்துறையில் இருந்த தேனாவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி அல்லாவுக்கும் கொடுத்த காணிக்கைகளைச் சொல்கின்றன. 1911 இல் காலி நகரில் ஒரு மதகை மூடிய கல்லாகக் கிடந்தபோதுதான் அதைக் கண்டெடுத்தார்கள். எழுத்து தேய்ந்து போனதால் எளிதில் வாசிக்க முடியாது. ஆனாலும் அறுநூறு ஆண்டுக்கு முன் இந்தத் தீவுக்கு வந்த ஒருவர் தமிழிலும் எழுத வேண்டும் என்று நினைத்ததைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். பள்ளிக்கூடத்தில் 'நீ இந்தியாக்காரனா?' என்று யாராவது கேட்கும் நாளில் அது நினைவுக்கு வரும். பொலன்னறுவையில் கிடைத்த நடராசர் வெண்கலச் சிலையும் இங்கேதான் இருக்கிறது.

வெளியே வந்தால் விகாரமகாதேவி பூங்கா பக்கத்திலேயே இருக்கிறது. மர நிழலில் கட்டிக் கொண்டுவந்த சோற்றைச் சாப்பிடலாம். பூங்காவை ஒட்டிய ஆனந்த குமாரசுவாமி மாவத்தையின் நடைபாதையில் ஓவியர்கள் தங்கள் படங்களை விற்பனைக்கு வைத்திருப்பார்கள். வாங்காமல் பார்த்துக்கொண்டே நடந்தாலும் கோபிக்க மாட்டார்கள். ஆண்டின் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வீதி முழுவதும் 'கலா பொல' என்ற ஓவியச் சந்தை கூடும். 1993 இல் தொடங்கியது.

மாலையில்

காலி வீதியில் 100, 101 ஆம் இலக்க பஸ்கள் காலிமுகத்திடலைக் கடந்து புறக்கோட்டைக்குப் போகின்றன. கொட்டாஞ்சேனைக்காரர் புறக்கோட்டையில் மாறி ஏற வேண்டும். இந்தத் திடலின் நடைபாதையை 1859 இல் முடித்த தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட், கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நன்மைக்காக இதைப் பேணும்படி தனக்குப் பின் வருபவர்களைக் கேட்டு ஒரு கல்லில் எழுதி வைத்தார். ஆகவே அங்கே உட்கார உங்களுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

பட்டம் விற்பார்கள், இறால் வடை பொரிப்பார்கள், அன்னாசித் துண்டில் உப்பும் தூளும் தூவித் தருவார்கள். விலையை முதலில் கேட்டுவிட்டு வாங்குங்கள். இந்திய ரூபாய்க் கணக்கிலேயே இன்னும் யோசிக்கும் பிள்ளைகள் விலையைக் கேட்டுத் திடுக்கிடுவார்கள். இலங்கை ரூபாயின் பெறுமதி வேறு என்று முதலே சொல்லி, சில்லறையை அவர்கள் கையில் கொடுத்து எண்ணப் பழக்குங்கள்.

சூரியன் ஆறரை மணிக்குள் கடலில் இறங்கிவிடும். அடுத்த நாள் காலையில் காரியாலய வேலை இருந்தால் அதோடு புறப்படுங்கள். சின்னப் பிள்ளை பஸ்ஸில் தூங்கிவிடும், அதைத் தூக்க ஒரு கை வேண்டும். கைப்பையைப் பெரிய பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள்.