போர்நினைவு மலர்: பாப்பி முதல் பூவரசு வரை

முன்னுரை

பிரித்தானியாவிலும் பொதுநலவாய நாடுகள் சிலவற்றிலும் நவம்பர் 11ஆம் நாளை ஒட்டி மக்கள் தம் மேலாடையில் சிவப்புத் தாள்மலர் ஒன்றைச் சூடுகின்றனர். 1918இல் அந்நாளில்தான் முதல் உலகப்போரின் மேற்கு முனையில் துப்பாக்கிகள் ஓய்ந்தன. பாப்பி எனப்படும் இம்மலரைத் துயரத்தின் இயல்பான வெளிப்பாடாகக் காண்பதே பொதுவழக்கு. ஆயினும் கவிதை, விற்பனை, நிதி, எதிர்ப்பு ஆகியவற்றின் ஊடாக உருவாக்கப்பட்ட குறியீடு அது. யாருடைய இறப்பு நினைக்கப்படுகிறது, திரட்டப்பட்ட பணம் யாரைச் சென்றடைகிறது என்னும் இரு வினாக்கள் அதன் வரலாறு நெடுகிலும் எழுந்துள்ளன. இக்கட்டுரை அவ்வினாக்களின் வழியே அவ்வரலாற்றை விளக்க முற்படுகிறது.

மண்ணும் கவிதையும்

வயல்வெளிகளில் களையாக முளைக்கும் பாப்பியின் விதைகள் மண்ணுக்குள் பல்லாண்டுகள் உறங்கிக் கிடக்கும் இயல்புடையவை. மண் கிளறப்பட்டு ஒளி படும்போதே அவை முளைவிடும். பதுங்குகுழிகளும் குண்டுவீச்சும் புதைகுழிகளும் பிளாண்டர்ஸ் நிலத்தைப் புரட்டிப்போட்டதால் அங்கு அவை செறிந்து பூத்தன. நம் சமையலில் இடம்பெறும் கசகசா, அபின் தரும் வேறொரு பாப்பி இனத்தின் விதையாகும். இவ்வேறுபாடு சிறிதெனினும் விளைவற்றதன்று. 2010இல் பிரித்தானியப் பிரதமர் கேமரன் சீனா சென்றபோது, இம்மலர் அபினிப் போர்களை நினைவூட்டும் என்பதால் அதனை அகற்றுமாறு சீனத் தரப்பினர் கேட்டனர், அவர் மறுத்தார்.

1915 மே மாதம் பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்கு அருகில், நண்பர் ஒருவரின் இறப்பைத் தொடர்ந்து, கனடியப் படை மருத்துவர் ஜான் மெக்ரே பாப்பி மலர்களைப் பாடிய கவிதை அவ்வாண்டு டிசம்பர் 8ஆம் நாள் ‘பஞ்ச்’ இதழில் வெளியாயிற்று. அதன் இறுதிப் பகுதி இரங்கலில் முடிவதில்லை. உயிரோடிருப்போர் போரைத் தொடரவேண்டும் என்றே இறந்தோர் வாயிலாக வேண்டுகிறது. கனடாவில் போர்க்கடன் பத்திர விற்பனைக்கும் அக்கவிதை பயன்பட்டது. ஆகவே, இம்மலர் அமைதிச் சின்னமாகவே பிறந்தது என்பது ஏற்கத்தக்கதன்று.

மலரும் நிதியும்

1918 நவம்பர் 9ஆம் நாள் நியூயார்க்கில் அக்கவிதையைப் படித்த அமெரிக்க ஆசிரியை மொய்னா மைக்கேல், அன்றே துணியாலான பாப்பி மலர்களை வாங்கித் தாமும் அணிந்து பிறர்க்கும் வழங்கினார். பிரெஞ்சுப் பெண்மணி அன்னா கெரேன் அதனை நிதிதிரட்டும் இயக்கமாக விரித்தார். பிரான்சின் போரழிவுப் பகுதிகளுக்கு உதவுவதே அவர் நோக்கம். 1921இல் கனடாவும் பிரித்தானியாவும் இதனை ஏற்றன. நியூசிலாந்துக்கு அனுப்பப்பட்ட மலர்கள் கப்பலில் காலந்தாழ்ந்து வந்தமையால், 1922 ஏப்ரலில் அன்சாக் நாளை ஒட்டியே அங்கு விற்பனை நடந்தது. அவ்வழக்கம் இன்றும் தொடர்கிறது. மரபுகள் எனப் போற்றப்படுவனவற்றுள் சில இத்தகைய தற்செயல்களின் விளைவே.

பிரான்சு தனக்கென நீலச் சோளப்பூவைத் தெரிந்துகொண்டது. 1933இல் பிரித்தானியக் கூட்டுறவு மகளிர் அமைப்பு, போரை மறுக்கும் வெண்பாப்பியை அறிமுகப்படுத்தியது.

இலங்கையின் பூவரசு

அதே காலப்பகுதியில் இலங்கையில் எழுந்த எதிர்ப்பு தனிக் கவனத்திற்குரியது. அங்குப் பாப்பி விற்பனையில் கிடைத்த பணத்தின் பெரும்பகுதி பிரித்தானியாவிற்குச் சென்றது; போரில் பணியாற்றித் திரும்பிய உள்ளூர் வீரர்களோ வறுமையில் உழன்றனர். இதனை எதிர்த்து 1931இல் ஏலியன் பெரேரா, அவ்வீரர்களின் நலனுக்காகச் சூரியமலர் விற்பனையைத் தொடங்கினார். சிங்களத்தில் ‘சூரிய’ எனப்படும் மரமே தமிழில் பூவரசு. கடல்கடந்து வந்த மலருக்கு எதிராக, ஊர்தோறும் வேலியோரத்தில் நிற்கும் மரத்தின் பூவைத் தெரிந்தமை தற்செயலாகத் தோன்றவில்லை.

1933இல் டோரீன் யங் விக்கிரமசிங்க, பிரித்தானிய வீரர்களுக்காக இலங்கைப் பள்ளிச் சிறுவர்கள் பாப்பி வாங்கவேண்டியிருந்ததைக் கண்டித்து நாளிதழில் எழுதினார். அவர் ஆங்கிலேயப் பெண்மணி என்பது நோக்கத்தக்கது. அதன்பின் தென்கொழும்பு இளைஞர் கழகம் இவ்வியக்கத்தை ஏகாதிபத்திய எதிர்ப்பு, போர் எதிர்ப்பு ஆகியவற்றின் அடிப்படையில் மீட்டெடுத்தது. முன்னர் உதவி யாருக்கு என்பதே கேள்வியாக இருந்தது. இப்போது போரே கேள்விக்குள்ளாயிற்று. இம்மாற்றமே இவ்வியக்க வரலாற்றின் மையம் எனலாம். பூவரசம்பூவை வாங்கியோர் பெரும்பாலும் எளியோர்; ஆதலால் திரண்ட தொகை பாப்பி நிதிக்கு ஈடாகவில்லை. எனினும் 1934-35இன் மலேரியாக் கொள்ளைநோயின்போது இவ்வியக்கத்தார் சிற்றூர்களில் நிவாரணப் பணியாற்றினர். அவர்களுள் பலர் 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியை உருவாக்கினர்.

பிரித்தானியாவில் இத்தகைய வினா காலந்தாழ்ந்தே செவியேறியது. 2014இல் இலண்டன் கோபுரத்தைச் சூழ நடப்பட்ட 8,88,246 சுடுமண் பாப்பிகளில் குடியேற்ற நாடுகளின் படையினரும் கணக்கிடப்பட்டனர். 2018இல் இந்தியத் துணைக்கண்ட வீரர்களை நினைவுகூரும் பொருட்டுப் பிரித்தானியப் படைவீரர் சங்கம் பாப்பி ஒன்றை வெளியிட்டது. அதற்குத் தேர்ந்த துணி, ஒருகாலத்தில் அவ்வாட்சிக்கு எதிராகவே நெய்யப்பட்ட கதர்.