வெப்பமண்டல நோய் படிக்க வெளிநாடு போகணுமா? பணம் கட்டும் முன்னே இதைப் படிங்க!

ஆர்.கே.பேட்டை:-

தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இன்று எம்.பி.பி.எஸ்., நர்சிங், மைக்ரோபயாலஜி என்று படிக்கிறார்கள். ஆர்.கே.பேட்டை, அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை பக்கம் பெற்றோருக்கு இது பெருமை. அந்தப் பிள்ளைகளின் செல்போனைத் தேடி இப்போது ஒரு விளம்பரமும் வருகிறது. 'ஆப்பிரிக்க ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் வெப்பமண்டல மருத்துவப் பயிற்சி, சான்றிதழ் கையில், பணம் கட்டினால் போதும்' என்கிற ரகம்.

பிள்ளை ஆசைப்படுகிறது என்று தறியை அடமானம் வைக்கவும், தாலிக்கொடியை கழற்றவும் அப்பா, அம்மா தயாராகி விடுவார்கள். அதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் சில இருக்கின்றன.

அது என்ன வெப்பமண்டல மருத்துவம்?

வேறொன்றுமில்லை. நம்ம ஊர் நோய்கள்தான். மலேரியா, டெங்கு, யானைக்கால், தொழுநோய், வெறிநாய்க்கடி, பாம்புக்கடி இதெல்லாம் அதில் வரும். உலக சுகாதார நிறுவனத்தின் 'கவனிக்கப்படாத வெப்பமண்டல நோய்கள்' பட்டியலில் டெங்கும், தொழுநோயும், யானைக்காலும் உண்டு. பாம்புக்கடியை 2017-ல்தான் சேர்த்தார்கள். வயலுக்குப் போகிறவனைக் கடிக்கிற பாம்புக்கு அவ்வளவு தாமதமாகத்தான் இடம் கிடைத்தது.

இந்தப் படிப்பு பிறந்த கதையும் சுவாரஸ்யமானது. வெள்ளைக்காரர் ஆட்சியில் நம்ம மாதிரி நாடுகளுக்கு வந்த வியாபாரிகளும், மாலுமிகளும், அதிகாரிகளும் காய்ச்சலில் விழுந்தார்கள். அவர்களுக்கு வைத்தியம் பார்க்க 1898-ல் லிவர்பூலிலும், 1899-ல் லண்டனிலும் தனிக் கல்லூரிகள் தொடங்கப்பட்டன. கொசு வயிற்றில் மலேரியா கிருமி வளர்வதை ரொனால்டு ராஸ் கண்டுபிடித்தது 1897 ஆகஸ்டு 20-ல், நம்ம பக்கத்து செகந்திராபாத்தில். அதற்காக 1902-ல் நோபல் பரிசும் வாங்கினார். பாடப் புத்தகம் அங்கே எழுதினாலும், பாடம் கிடைத்தது இங்கேதான்.

அந்த சான்றிதழ் செல்லுமா?

இதுதான் முக்கியமான கேள்வி. இந்தியாவில் எம்.பி.பி.எஸ். முடித்தவர்கள் 12 மாதம் கட்டாயப் பயிற்சி செய்ய வேண்டும். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021-ம் ஆண்டு விதிப்படி அதில் 12 வாரம் சமுதாய மருத்துவம். இதில் ஒரு மாதத்தை காசு கட்டி வெளிநாட்டில் கழித்துவிட்டு, ஏஜெண்டு தரும் காகிதத்தைக் காட்டினால் கணக்கில் ஏறாது.

வெளிநாட்டில் டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் இன்னும் உஷாராக இருக்கணும். 2021 நவம்பர் 18-க்குப் பிறகு சேர்ந்தவர்கள், எந்தக் கல்லூரியில் படிக்கிறார்களோ அங்கேயே 12 மாதப் பயிற்சியும் முடிக்க வேண்டும். பாதிப் பயிற்சியை வேறு நாட்டில் செய்தால், ஊருக்கு வந்து டாக்டராகப் பதிவு செய்வதிலேயே சிக்கல். ஏஜெண்டு இதைச் சொல்லமாட்டார்.

நர்சிங், லேப் டெக்னீசியன் படிப்பவர்களும், 'இந்தப் பயிற்சி படிப்பில் கணக்காகுமா?' என்று கல்லூரி முதல்வரிடம் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்க.

ஊசி போட விடுவார்களா?

கூடாது. பதிவு பெறாத மாணவர் எந்த நாட்டு ஆஸ்பத்திரியிலும் கூட நின்று பார்க்கலாம், பொறுப்பு டாக்டர் கண்காணிப்பில் கற்றுக்கொள்ளலாம், அவ்வளவுதான். 'நீங்களே தையல் போடலாம், பிரசவம் பார்க்கலாம்' என்று யாராவது ஆசை காட்டினால், அங்கிருந்து விலகிடுங்க. அந்த ஊர் ஏழை நோயாளியும் நம்ம மாதிரிதான். அவர் உடம்பு பழகிப் பார்க்கிற இடமில்லை.

அவங்க இங்கே வர்றாங்க!

நம்ம பிள்ளைகள் விமானம் ஏறத் துடிக்கும்போது, வெளிநாட்டு மருத்துவ மாணவர்கள் வேலூருக்கு வருகிறார்கள். சோளிங்கர் வழியாகப் போனால் நமக்கு வேலூர் எட்டுகிற தூரம்தான். 1900-ல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கிய சிகிச்சை இடம்தான் இன்றைய சி.எம்.சி. காட்பாடி பக்கம் கரிகிரியில் 1955 முதல் தொழுநோய் ஆஸ்பத்திரியும் ஆராய்ச்சியும் நடக்கிறது. தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்த முடியும் என்று டாக்டர் பால் பிராண்ட் 1940-களின் கடைசியில் காட்டியது வேலூரில்தான். கே.வி.குப்பத்தில் 1977 முதல் 'ருசா' என்ற கிராம சுகாதார மையமும் இருக்கிறது.

சென்னை பக்கம் போனால் சேத்துப்பட்டு. அங்கே 1956-ல் தொடங்கிய காசநோய் ஆய்வு உலகத்தையே மாற்றியது. அதுவரை காசநோயாளி என்றால் மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் ஒதுக்கி வைப்பார்கள். சென்னையின் ஏழைக் குடும்பங்களில் ஒரு பகுதி நோயாளிகளுக்கு வீட்டிலேயே மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரியில் இருந்தவர்களுக்கு ஏறக்குறைய சமமாக இவர்களும் குணமானார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959-ல் முடிவு வெளியானது. அதன்பிறகு உலகம் முழுக்க காசநோயாளிகளுக்கு வீட்டு வைத்தியம் வந்தது.

அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் இருக்கிறது. 1999-ல் உருவான மத்திய அரசு நிறுவனம். நோய் எப்படிப் பரவுகிறது, எங்கே தொடங்கியது என்று கண்டுபிடிக்கும் பொது சுகாதாரப் பட்டமேற்படிப்பு அங்கே உண்டு. புதுச்சேரியில் 1975 முதல் கொசுவையும், கொசுவால் வரும் நோய்களையும் ஆராயும் மையம் இருக்கிறது.

இன்னொரு விஷயம். பொது சுகாதார வேலை என்றால் பாதி நாள் வீடு வீடாகப் போய்ப் பேசுவதுதான். தண்ணீர்த் தொட்டியைத் திறந்து காட்டச் சொல்லணும், 'எத்தனை நாளாக இருமல்?' என்று கேட்கணும். லண்டன் மாணவருக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். தமிழும் தெலுங்கும் பேசுகிற எல்லையோரப் பிள்ளைக்கு அது தேவையே இல்லை.

காசு கட்டாத வழிகள்

* இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 1979-ல் தொடங்கிய குறுகிய கால மாணவர் ஆராய்ச்சித் திட்டம் உண்டு. எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். மாணவர்கள் 2 மாதம் ஆராய்ச்சி செய்யலாம். அவர்களே உதவித்தொகை தருகிறார்கள். அறிவிப்பு வரும்போது கல்லூரி மூலம் விண்ணப்பிக்கணும்.

* உலக சுகாதார நிறுவனத்தில் பயிற்சிக்கு அறிவிப்பு வந்தால், அதன் சொந்த இணையதளத்தில் மட்டும் விண்ணப்பிக்கலாம். வயது 20 ஆகியிருக்கணும். எந்தக் கட்டத்திலும் அந்த நிறுவனம் பணம் கேட்பதில்லை. அதன் பெயரைச் சொல்லி யாராவது பணம் கேட்டால் மோசடிதான்.

* மருத்துவ மாணவர் சங்கங்களின் சர்வதேச கூட்டமைப்பு 1951 முதல் இயங்குகிறது. இதன் மூலம் மாணவர்கள் சில வாரம் வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாம். சங்கக் கட்டணமும் விமானச் செலவும் நம்முடையது. இந்தியக் கிளையை கல்லூரி மூலம் அணுகலாம்.

கண்டிப்பாகப் போகிறேன் என்றால்...

வெளியுலகம் பார்ப்பதில் தப்பே இல்லை. நல்ல இடங்களும் நிறைய இருக்கு. ஆனால் பணம் கட்டும் முன் இவற்றைப் பாருங்க:

* அழைப்புக் கடிதம் யார் கொடுத்தது? ஏஜெண்டு கொடுத்த எண்ணை விட்டுவிட்டு, ஆஸ்பத்திரியின் சொந்த இணையதளத்தில் உள்ள முகவரிக்கு எழுதிக் கேளுங்க.

* என்ன விசா? 'டூரிஸ்ட் விசாவே போதும்' என்றால் அந்த நாட்டு தூதரகத்தில் கேட்டுத் தெளியுங்க.

* கட்டும் பணத்தில் ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு, தங்க எவ்வளவு, கமிஷன் எவ்வளவு என்று பிரித்து எழுதி வாங்குங்க. ரசீது இல்லாமல் கையில் கொடுக்காதீங்க.

* ஆப்பிரிக்கா, தென் அமெரிக்காவில் மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகளுக்குப் போனால் தடுப்பூசி அவசியம். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும். கடைசி நாளில் ஓடினால் பயன் இல்லை.

* மருத்துவக் காப்பீடு கட்டாயம் எடுங்க. மலேரியா தடுப்பு மாத்திரை பற்றி டாக்டரிடம் கேளுங்க.

ஏற்கனவே இணையம் வழியாகப் பணம் அனுப்பி ஏமாந்திருந்தால் வெட்கப்பட்டு மூடி வைக்காதீங்க. உடனே 1930 என்ற சைபர் கிரைம் எண்ணுக்குப் போன் செய்யுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை வங்கியில் நிறுத்திவைக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். ஏஜெண்டு நேரில் வாங்கியிருந்தால் ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் பத்திரப்படுத்தி போலீசில் புகார் கொடுங்க.

அடமானம் வைத்த தறியை மீட்க எத்தனை வருஷம் ஆகும் என்று வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரியும். அதனால் முதலில் கல்லூரியிலும், அப்புறம் வேலூரிலும், அயப்பாக்கத்திலும் விசாரித்துவிட்டு, அதற்குப் பிறகு விமான டிக்கெட்டைப் பற்றி யோசிப்பது நல்லது.