புற்றுக்குள் கிளி, கிளிக்கூட்டில் அந்துப்பூச்சி

ஆண்டுக்கொரு முறை பெட்டியைத் திறந்து, மடித்து வைத்த கம்பளிச் சால்வையை எடுத்து உதறிப் பார்க்கிறீர்கள். ஆங்காங்கே ஊசி முனையால் குத்தியது போலச் சிறு துளைகள். "அந்து அரித்துவிட்டதே!" என்று வருந்துகிறீர்கள். மறுமுறை பெட்டியை மூடுகையில் மறவாமல் நான்கைந்து அந்துருண்டைகளைப் போட்டு வைக்கிறீர்கள். அந்த வெள்ளை உருண்டைக்கு அப்பெயர் வந்ததே இந்தப் பூச்சியினால்தான். உண்மையில் சால்வையைத் தின்பது இறகு முளைத்த பூச்சியன்று, அதன் புழுவே.

மனிதன் ஆட்டுமயிரைத் திரித்துக் கம்பளி நெய்யக் கற்றுக்கொள்ளும் முன்னர் இந்தப் புழு எதைத் தின்று உயிர் வாழ்ந்தது என்று எப்போதேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? விலங்குகளின் வளைகளும் பறவைகளின் கூடுகளுமே அதன் பழைய வீடுகள். உதிர்ந்த மயிரும் இறகும் அங்கே குறைவின்றிக் கிடைத்தன. நம் வீட்டுப் பெட்டியை அதுவும் ஒரு கூடு என்றே எண்ணிவிட்டது போலும். அந்துப்பூச்சிகளுள் சில வகைகளை இன்றும் பறவைக் கூடுகளில் காணலாம்.

இங்கே நாம் காணப்போவது அவற்றினும் விந்தையான ஓர் அந்துப்பூச்சி. அது இறகைத் தின்பதில்லை. கம்பளியைத் தொடுவதுமில்லை. ஆஸ்திரேலியாவின் வடகோடியில், ஒரே ஒரு வகைக் கிளியின் கூட்டில் அது வாழ்கிறது. அதற்கு அறிவியல் பெயர் சூட்டப்பட்டதே 2007 ஆம் ஆண்டில்தான்.

முதலில் கிளியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்தில், டார்வின் நகருக்கும் கேத்தரின் நகருக்கும் இடையே பைன் கிரீக் என்றொரு சிற்றூர் உள்ளது. அதைச் சுற்றிய புல்வெளிக் காடுகளில் திரியும் இக்கிளியின் ஆணுக்கு உடல் நீலப்பச்சை. தோளில் மஞ்சள் பட்டை. தலையில் கரிய முக்காடு இட்டது போன்ற நிறம். ஆங்கிலேயர் அதற்கு இட்ட பெயரும் முக்காட்டுக் கிளி என்றே பொருள்படும். நம் ஊர்க் கிளிகள் மரப்பொந்தில் குஞ்சு பொரிக்கின்றன. இதுவோ கறையான் புற்றை நாடுகிறது. மழையில் ஊறிப் புற்று இளகியிருக்கும் காலம் பார்த்து, அலகால் குடைந்து ஒரு சுரங்கப்பாதை அமைக்கிறது. உள்ளே சென்றால் சிறிய அறை. அங்கே வெறுந்தரையில் முட்டையிடுகிறது. மழை நின்றதும் புற்று மீண்டும் கல்லாக இறுகிவிடும்.

கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்த கதை நமக்குத் தெரியும். இங்கே குடிபுகுவது கிளி. அந்தக் கிளியின் பின்னாலேயே இன்னொரு குடித்தனக்காரரும் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிடுகிறார்.

அவர் வருவதற்குக் காரணம் இருக்கிறது. குஞ்சுகள் உள்ள கூட்டில் எச்சம் சேருவது இயல்பு. பல பறவைகள் இதற்கு ஒரு வழி வைத்துள்ளன. அவற்றின் குஞ்சு இடும் எச்சம் மெல்லிய சவ்வுப் பைக்குள் பொதிந்து வரும். தாயோ தந்தையோ அதை அலகால் கவ்விக் கொண்டுபோய்த் தொலைவில் எறிந்துவிடும். வீட்டு முற்றத்துச் சிட்டுக்குருவி அவ்வாறு செய்வதை நீங்களே பார்த்திருக்கக்கூடும். கிளிக் குஞ்சுகளின் எச்சத்துக்கு அத்தகைய பை கிடையாது. ஆகவே பெற்றோரால் அதை எடுத்து எறியவும் இயலாது. காற்றோட்டமில்லாத மண் அறையில் நான்கைந்து குஞ்சுகள் ஐந்து வாரம் வளர்ந்தால் அவ்வறையின் நிலை என்னவாகும்?

அங்கேதான் அந்துப்பூச்சி வருகிறது. கிளி புதிதாகக் குடைந்த கூட்டை எப்படியோ கண்டுபிடித்துத் தாய்ப்பூச்சி அங்கே முட்டையிடுகிறது. குஞ்சுகள் பொரியும் காலத்தை ஒட்டியே புழுக்களும் வெளிவருகின்றன. குஞ்சுகள் இடும் எச்சமே அவற்றின் உணவு. பட்டு நூல் இழைத்தவாறு, அந்தக் கழிவைத் தின்று, குஞ்சுகளின் காலடியிலேயே வளர்கின்றன. பின்னர் அந்தப் புற்றுக்குள்ளேயே கூட்டுப்புழுவாகின்றன.

இந்தப் பூச்சியை ஆராய்ந்து புதிய இனம் என்று அறிவித்தவர்கள் நால்வர்: எட்வர்ட்ஸ், கூனி, ஓல்சன், கார்னெட். முதல்வர் கான்பெராவில் உள்ள தேசியப் பூச்சித் தொகுப்பைச் சேர்ந்த அந்துப்பூச்சி அறிஞர். ஏனைய மூவர் பறவைகளை ஆராய்கிறவர்கள். பறவை ஆய்வாளர் கூட்டைத் துருவிப் பார்க்க, பூச்சி ஆய்வாளர் இறக்கைகளையும் உடலுறுப்புகளின் நுண்ணமைப்பையும் ஒப்பிட்டுப் பார்க்க, இருதுறை அறிவும் ஒன்றுகூடிய பின்னரே இவ்வுயிருக்கு ஒரு பெயர் கிடைத்தது. டிரைசின்டோபா நியோசோஃபைலா என்பது அப்பெயர். பிற்பகுதி கிரேக்கச் சொற்களால் ஆனது. பறவைக் குஞ்சை நேசிப்பது என்பது அதன் பொருள். எச்சம் தின்னும் புழுவுக்கு இத்தனை கண்ணியமான பெயரைச் சூட்ட அறிஞர்களுக்கு மனம் வந்ததே!

உதவியா, ஒட்டா?

இவ்வளவு கேட்டதும் உங்கள் உள்ளத்தில் ஓர் அழகிய முடிவு உருவாகியிருக்கும். பூச்சிக்கு உணவு, கிளிக்குத் தூய்மையான வீடு, இருவருக்கும் ஆதாயம். பல நூல்களும் இவ்வாறே எழுதிவிடுகின்றன. கேட்கவும் இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் கூனியும் அவருடன் பணியாற்றியோரும் அத்துடன் நின்றுவிடவில்லை. சில கூடுகளிலிருந்து புழுக்களை அகற்றிவிட்டு, புழு உள்ள கூட்டில் வளரும் குஞ்சுகளையும் இல்லாத கூட்டில் வளரும் குஞ்சுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தனர். குஞ்சுகளின் வளர்ச்சியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. அதாவது, கிளியின்றிப் பூச்சியால் வாழ இயலாது. பூச்சியின்றியும் கிளி வாழ்ந்துகொள்ளும். நாம் விரும்புகிற கதைக்கும் ஆய்வு சொல்லும் உண்மைக்கும் எத்துணை இடைவெளி, பார்த்தீர்களா? இந்த ஒருதலைச் சார்புதான் பின்னால் வரப்போகும் கவலைக்கு அடிப்படை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்திரேலியாவுக்கு இத்தகைய பூச்சிகள் முற்றிலும் புதியவையல்ல. இவை சார்ந்த குடும்பத்தில் அந்நாட்டில் பல்லாயிரம் இனங்கள் உண்டு. அவற்றுள் மிகப்பல யூகலிப்டஸ் மரத்தின் உதிர்ந்த சருகைத் தின்று வாழ்பவை. சருகு தின்னும் குலத்தில் சில மட்டும் வேறு கழிவுக்கு மாறிவிட்டன. கோவாலா, பாஸம் ஆகிய விலங்குகளின் புழுக்கையைத் தின்னும் டெலனெப்சியா என்னும் வகையில் நான்கு இனங்கள் 1994 இல் விவரிக்கப்பட்டன.

குழந்தை மருத்துவர் கண்ட பூச்சி

கிளிக்கூட்டுப் பூச்சி ஒன்று அதற்கு வெகு காலம் முன்பே அறியப்பட்டிருந்தது. கார்ப்பெண்டேரியா வளைகுடாவின் மறுபுறம், குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் கேப் யார்க் தீபகற்பத்தில் பொன்தோள் கிளி வாழ்கிறது. முக்காட்டுக் கிளிக்கு உடன்பிறப்பு போன்றது. அதுவும் கறையான் புற்றிலேயே குடியிருக்கிறது. அதன் கூட்டிலும் எச்சம் தின்னும் ஓர் அந்துப்பூச்சி. 1923 இல் அதை விவரித்தவர் ஆல்ஃபிரட் ஜெஃபரிஸ் டர்னர்.

இவர் தொழிலால் பூச்சி அறிஞர் அல்லர். பிரிஸ்பேன் நகரின் குழந்தை மருத்துவர். தொண்டை அடைப்பான் நோய்க்கான எதிர்நஞ்சு மருந்தை 1895 இல் குவீன்ஸ்லாந்தில் அறிமுகப்படுத்தியவர். அங்குள்ள குழந்தைகள் ஈய நஞ்சால் நோயுறுவதை முதலில் எடுத்துரைத்தவர்களுள் ஒருவர். பகலில் பிள்ளைகளுக்கு மருத்துவம் பார்த்துவிட்டு, எஞ்சிய நேரத்தில் ஆயிரக்கணக்கான அந்துப்பூச்சி இனங்களுக்குப் பெயரிட்டார். பிள்ளைகளின் அறையைத் துப்புரவு செய்யும் பூச்சி இவரிடம் வந்து சேர்ந்தது பொருத்தமே என்று தோன்றுகிறது. ஆனால் அவர் அதற்கு வைத்த பெயரில் கண்ணியத்துக்கு இடமில்லை. எச்சம் தின்னி என்று நேரடியாகவே வைத்துவிட்டார்.

வளைகுடாவின் இருபுறமும் இரு கிளிகள். இரண்டுக்கும் தனித்தனியே ஒரு பூச்சி. ஒரே மூதாதைக் கிளி பிரிந்து இரண்டானபோது, அதனை அண்டி வாழ்ந்த பூச்சியும் பிரிந்து இரண்டாகியிருக்கக்கூடும் என்று எண்ண இடமுண்டு.

கேப் யார்க்கின் பழங்குடி மக்களான ஓல்கோலா இனத்தார் பொன்தோள் கிளியை அல்வால் என்று அழைக்கின்றனர். அது அவர்களின் குலச்சின்னம். அந்தக் கிளி இன்று அழியும் ஆபத்தில் இருக்கிறது. கால்நடை மேய்ச்சலும், காலந்தோறும் புல்லுக்கு வைக்கப்பட்டு வந்த தீ குறைந்துபோனதும் அதன் வாழிடத்தை மாற்றிவிட்டன. திறந்த புல்வெளியாக இருந்த இடங்களில் மரங்கள் நெருங்கி வளர்ந்தன. அம்மரங்களில் மறைந்திருந்து பாயும் வேட்டைப் பறவைகளுக்குக் கிளிகள் எளிதில் இரையாகின்றன. மழைக்காலத் தொடக்கமோ பஞ்சகாலம். நிலத்தில் கிடக்கும் புல் விதைகள் அனைத்தும் முளைத்துவிடும். புது விதை வருவதற்குள் கிளி பட்டினி கிடக்க நேரும். அப்போது முந்தி விதை தரும் ஒருவகைப் புல்லை மாடுகளும் காட்டுப்பன்றிகளும் அழித்துவிடுகின்றன. கார்னெட்டும் கேப்ரியல் கிரௌலியும் பல்லாண்டு ஆராய்ந்து இவற்றை விளக்கியுள்ளனர். முதல் மழையை ஒட்டிக் குறிப்பறிந்து தீயிடுவது, மேய்ச்சலைக் கட்டுப்படுத்துவது, மரங்களைக் குறைப்பது எனப் பணிகள் நடைபெற்று வருகின்றன. ஓல்கோலா மக்களும் அதில் முன்னிற்கின்றனர்.

"கிளியைக் கூண்டில் வளர்த்துக் காப்பாற்றிவிடலாமே?" என்று நீங்கள் கேட்கலாம். இவ்விரு கிளிகளும் கூண்டுகளில் வளர்க்கப்பட்டு இனம் பெருகியும் இருக்கின்றன. கூண்டில் மரப்பெட்டி இருக்கிறது. வளர்ப்பவர் தினமும் துடைத்து வைக்கிறார். அங்கே அந்துப்பூச்சிக்கு ஏது இடம்? அமெரிக்காவில் கலிஃபோர்னியக் கழுகு அருகிப்போய், 1987 இல் எஞ்சியவற்றையும் பிடித்துக் காப்பகத்தில் சேர்த்தார்கள். நலம் கருதி அவற்றின் உடலிலிருந்த பேனையும் போக்கினார்கள். அக்கழுகை மட்டுமே அண்டி வாழ்ந்த ஒருவகைப் பேன் அத்துடன் உலகை விட்டே போய்விட்டதாகக் கருதப்படுகிறது. கழுகு பிழைத்தது. பேனுக்காக யாரும் வருந்தவில்லை. இருந்தும் ஓர் இனம் குறைந்தது.

புற்றில் வாழும் இக்கிளிகளுக்கு மூன்றாவது உடன்பிறப்பும் ஒன்று இருந்தது. சுவர்க்கக் கிளி என்று பெயர். மூன்றிலும் அதுவே பேரழகு வாய்ந்தது என்பர். குவீன்ஸ்லாந்தின் தென்பகுதியிலும் அதை ஒட்டிய இடங்களிலும் வாழ்ந்தது. 1902 இன் கொடிய வறட்சி, மேய்ச்சலால் அழிந்த புல், பிடித்து விற்போரின் பேராசை எல்லாம் சேர்ந்து அதை ஒடுக்கின. அற்றுப்போயிற்று என்று கருதப்பட்ட நிலையில், பர்னெட் ஆற்றுப் பகுதியில் கெய்ண்டா என்னும் ஊருக்கருகே சிரில் ஜெரார்ட் என்ற பண்ணையாளர் அதைக் கண்டு, 1922 இல் புகைப்படமும் எடுத்தார். புற்றின் வாயிலில் அமர்ந்திருக்கும் அக்கிளியின் கறுப்பு வெள்ளைப் படம் இன்றும் இருக்கிறது. 1927க்குப் பின்னர் உறுதியான செய்தி ஏதுமில்லை.

அந்தக் கூட்டிலும் ஓர் அந்துப்பூச்சி வாழ்ந்திருக்குமா? மற்ற இரு கிளிகளுக்கும் இருப்பதைக் காணும்போது அவ்வாறே எண்ணத் தோன்றுகிறது. ஜெரார்ட் படமெடுத்த அந்த ஆண்டுகளில் டர்னர் அதே மாநிலத்தில், சில நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பிரிஸ்பேனில்தான் இருந்தார். படம் எடுக்கப்பட்ட மறு ஆண்டே பொன்தோள் கிளியின் பூச்சிக்குப் பெயரிட்டார். சுவர்க்கக் கிளியின் கூட்டிலிருந்து ஒரு பிடி கழிவு மண்ணை எடுத்து அவரிடம் யாரேனும் அனுப்பியிருந்தால் போதும்.

யாரும் அனுப்பவில்லை.