போவதா, இருப்பதா? – ஒரு ருமேனியப் படம் சொல்லும் சேதி

1989 டிசம்பரில் ருமேனியாவில் சௌஷெஸ்குவின் கம்யூனிஸ்ட் ஆட்சி கவிழ்ந்தது. அதுவரை அந்நாட்டு மக்களுக்கு மேற்கு ஐரோப்பா போவது லேசுப்பட்ட காரியமல்ல. பாஸ்போர்ட்டை அரசாங்கமே வைத்துக்கொள்ளும். இரவோடு இரவாக டான்யூப் ஆற்றை நீந்திக் கடந்து யூகோஸ்லாவியாவுக்குத் தப்பியவர்கள் உண்டு. ஆற்றோடு போனவர்களும் உண்டு. ஆட்சி மாறியதும் பாஸ்போர்ட் கைக்கு வந்தது. ஆனால் விசா? அது மேற்கு நாடுகளின் கையில் அல்லவா இருந்தது! 2002 ஜனவரியில்தான் ஷெங்கன் நாடுகள் குறுகிய காலப் பயணத்துக்கு விசா வேண்டாமென்றன.

அதே 2002-இல் வந்த படம் 'ஒக்சிடென்ட்'. 'மேற்கு' என்று பொருள். இயக்குநர் கிறிஸ்டியன் முஞ்சியூவுக்கு இது முதல் முழுநீளப் படம். பின்னால் 2007-இல் வேறொரு படத்துக்காகக் கான் விழாவில் தங்கப்பனை விருது வாங்கியவர் இவர்.

லூச்சியும் சொரினாவும் இளம் ஜோடி. குடியிருந்த வீடும் கைவிட்டுப் போகிறது. சொரினாவின் அப்பா கல்லறையில் நின்று, வழி காட்டச் சொல்லி வேண்டுகிறார்கள். அந்த நேரம் பார்த்து எங்கிருந்தோ ஒரு பாட்டில் வந்து லூச்சியின் தலையில் விழுகிறது! சொரினா அதையே சகுனமாக எடுத்துக்கொண்டு அவனைவிட்டு விலகுகிறாள். உதவிக்கு வந்த வெளிநாட்டுக்காரர் அவளுக்குப் புது வழியாகத் தெரிகிறார். இன்னொரு வீட்டில், மாப்பிள்ளை கைவிட்டுப் போன மிஹயேலாவுக்கு அம்மா வெளிநாட்டு வரன் தேடுகிறாள். அப்பா போலீஸ் கர்னல். இத்தாலியிலிருந்து வந்த வரன் கறுப்பர் என்றதும் வீடே திகைத்துப் போகிறது. மேற்கு வேண்டும், ஆனால் மனதில் வரைந்த மேற்குதான் வேண்டும்! ஜெர்மனிக்குப் போன மகனின் சேதிக்குக் காத்திருக்கும் ஒரு தாயும் உண்டு. அவளுக்கு வருவது சாவுச் செய்தி.

படம் மூன்று பகுதி. அதே சில நாட்களே மூன்று முறையும் வருகின்றன, ஒவ்வொரு முறையும் வேறொருவர் பக்கத்திலிருந்து. முதலில் சிரித்த இடத்தில் அடுத்த முறை மனசு கனக்கிறது. ஏனென்றால் 'போகிறேன்' என்பது ஒருவர் முடிவாக இருந்தாலும், அது இன்னும் நாலு பேர் வாழ்க்கையை அசைத்துவிடுகிறது. அந்த முடிவும் பெரிய கொள்கையால் வருவதில்லை. ஒரு வீடு, ஒரு வேலை, ஒரு கல்யாணம், இவைதான் தள்ளுகின்றன. போகிறவரைத் துரோகி என்றோ, இருக்கிறவரைத் தியாகி என்றோ படம் சொல்லவில்லை.

பின்னர் நடந்தது கணக்கிலேயே தெரிகிறது. 2007 ஜனவரி 1-இல் ருமேனியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் லட்சக்கணக்கில் போனார்கள். 1992 கணக்கெடுப்பில் சுமார் 2.28 கோடியாக இருந்த மக்கள்தொகை 2021-இல் சுமார் 1.90 கோடி. பிறப்பு குறைந்தது ஒரு காரணம், வெளியேற்றம் மற்றொன்று. பிள்ளைகளைத் தாத்தா பாட்டியிடம் விட்டுப் போன பெற்றோர் அங்கே ஏராளம்.

பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த நமக்கு இது அந்நியக் கதையாகத் தோன்றாது. வாய்ப்புக் கிடைத்தால் வீட்டுப் பெரியவர்களையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பாருங்கள். படம் முடிந்ததும், நாம் கிளம்பிய அன்று வாசலில் நின்றவர்கள் என்ன நினைத்தார்கள் என்று அவர்களிடமே கேட்கலாம்.